மெய்வாள் பட்டயம்

"இதை என்னால எழுத முடியாதுங்க" என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா மைக்கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா?"

"பொய்."

"எது பொய்?"

"மொத்தமும்."

அவர் நீட்டிய சீட்டில் அரசவை அனுப்பிய வாசகம் இருந்தது. நேர்மையின் சிகரம். வாய்மையின் விளக்கு. வாளெடுத்தோர்க்கெல்லாம் மணிமுடி. அர்த்தநாரிக்கு மெய்வாள் பட்டயம் அளித்து மகிழ்கிறோம்.

ஜெசிந்தா வாங்கிப் படித்தார்.

"சிகரத்தைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

ஜெசிந்தா பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார்.

"விளக்கை?"

"இல்லை."

அதையும் அடித்தார். மணிமுடியைக் கேட்காமலேயே அடித்தார்.

"மிச்சம் என்ன இருக்குதுங்க?"

"அர்த்தநாரிங்கற பேரு."

"அங்கிருந்து ஆரம்பிங்க."

"பேருக்குக் கீழ என்னத்த எழுதறது?"

"பாத்ததை."

நாச்சிமுத்து சிரித்தார். அது நல்ல சிரிப்பு அல்ல.

"நான் பாக்க ஆரம்பிச்சா பட்டயம் வராது அம்மணி. குற்றப்பத்திரிகைதான் வரும்."

"எழுத்து கோணாம இருந்தாச் சரிங்க" என்றார் ஜெசிந்தா. "எப்ப முடிக்கறீங்களோ அப்பக் குடுத்துக்கலாம்."

*

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை, சனி ஞாயிறுகளில், அங்கே ஒரு பழைய காலம் நடக்கும்.

கோயமுத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டுக் கைத்தறிக்கு மாறுவார்கள். கூடாரம் அடிப்பார்கள். சமையலில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது. அவை இரண்டும் இந்த நாட்டுக்கு வந்து சேராத காலம் அது. பிரம்பு வாளும் தோல் கவசமுமாகச் சண்டை நடக்கும். அரசர் உண்டு, கட்டியக்காரர் உண்டு. இந்த விளையாட்டுக்குப் பழநாடு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஞாயிறு மாலை அவை கூடும். தகுதியானவர்களைக் கூப்பிட்டு அரசர் பட்டயம் கொடுப்பார்.

கோப்பை இல்லை, பதக்கம் இல்லை. கையால் எழுதி, ஓரத்தில் கொடியும் கிளியும் வரைந்து, முதல் எழுத்துக்கு மெல்லிய தகடாகத் தங்க ரேக்கு ஒட்டிய ஒரு தாள். அவ்வளவுதான். அதைக் கையில் வாங்கும்போது பெரிய பெரிய ஆட்கள் கண் கலங்கியதை அந்தத் தோப்பு பார்த்திருக்கிறது.

உண்மையில் அந்தக் காலத்தில் ஓலையும் செப்பேடும்தான். ஓலையில் தங்கம் நிற்காது என்பதால் பருத்திக் கூழில் செய்த தடித்த தாளில் எழுதினார்கள். இந்த ஒரு பொய்யை எல்லாரும் தங்களுக்குள் மன்னித்துக்கொண்டார்கள்.

நாச்சிமுத்து மட்டும் மன்னிக்கவில்லை.

பட்டயக் கூடாரம் ஜெசிந்தாவின் பொறுப்பு. வெளியே கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர். தோப்புக்குள் ஓலைநாயகம். அரசரின் ஆணைகளை எழுதுகிற தலைவருக்கு அந்த நாளில் இருந்த பட்டம். நாச்சிமுத்துவின் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பார்.

நாச்சிமுத்து ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரிந்து போன எண்ணெய் மில்லின் சாம்பலை முகர்ந்து, அது எரிந்ததா எரிக்கப்பட்டதா என்று சொல்லிவிடுவார். நொண்டிக்கொண்டு வந்து மனு கொடுத்தவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, அவர் பஸ் பிடிக்க ஓடுகிறாரா என்று ஜன்னலில் நின்று பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓய்வு பெறவில்லை. அவர் மனைவி தெய்வானை கடைக்குப் போய் வந்தால், எங்கெல்லாம் நின்றேன், யாரிடம் பேசினேன் என்று கேட்காமலேயே ஒப்பித்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பார். அது தெய்வானையின் சுபாவம் என்று நாச்சிமுத்து நினைத்திருந்தார்.

கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜெசிந்தா அவரைச் சேர்த்துக்கொண்டார். எழுதக் கொடுத்தார். கொடி வரையக் கொடுத்தார். தங்கத்தை மட்டும் தொட விடவில்லை.

ஏன் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. இருக்க வேண்டும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. ஜெசிந்தாவின் இடத்தில் தான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்.

*

பழநாட்டுச் சண்டையில் நடுவர் கிடையாது.

அடி வாங்கியவரே "பட்டது" என்று சொல்ல வேண்டும். கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். உடம்பில் பட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். படவில்லை என்று அவர் சொன்னால் படவில்லைதான். அரசரே ஆனாலும் மறுத்துப் பேசக் கூடாது.

இந்த விதியைக் கேட்ட அன்று நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அடி வாங்குனவனே சாட்சி, அவனே நீதிபதியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் ஜெசிந்தா.

"அப்புறம் உண்மை எப்படித் தெரியும்?"

"அவரு சொல்லுவாருங்க."

அப்படி உள்ளதைச் சொல்கிறவருக்குத்தான் மெய்வாள் பட்டயம். அது இந்த முறை அர்த்தநாரிக்கு என்று அவை முடிவு செய்திருந்தது.

அர்த்தநாரி பம்புசெட் வியாபாரி. ஒல்லி உடம்பு. எதிரில் வருகிறவர் எல்லாரிடமும் சிரிப்பார். சிரித்துக்கொண்டு வருகிறவர்களின் மனுவை நாச்சிமுத்து எப்போதும் இன்னொரு தடவை படிப்பார்.

பட்டயம் யாருக்கு என்பது கட்டியக்காரர் கூப்பிடும் வரை வெளியே தெரியக் கூடாது. அர்த்தநாரிக்கும் தெரியாது. நாச்சிமுத்துவுக்கு அது வசதியாகப் போயிற்று. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரியாத மனிதனைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று மதியமே பார்க்க ஆரம்பித்தார்.

*

மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியபோது அவர் முகம் தெளிவாக இருந்தது.

"சிக்கிட்டான்" என்றார்.

"சொல்லுங்க."

"இன்னிக்கு அவனுக்கு எதிரி யாசின். ஜவுளிக்கடை வச்சிருக்காரே, புதுசா வந்தவரு. சண்டைக்கு முன்னாடி இவன் அவருகிட்டப் போனான். சிரிச்சான். கழுத்துக் காப்போட வாரைத் தொட்டான். அவுத்தான். மறுபடி கட்டினான்."

"ம்."

"கழுத்தை இறுக்கிக் கட்டிட்டா யாசினால பக்கவாட்டுல திரும்ப முடியாது. அந்தப் பக்கமாத்தான் அடிச்சு ஜெயிச்சான்."

"வேற?"

"திரும்பி வந்தப்போ இவன் மணிக்கட்டுக் காப்பைக் காணோம். முதல்ல இருந்துச்சு, நான் பாத்தேன். வெறுங்கையோட நிக்கறவன் கையில அடிக்க எதிரி தயங்குவான். அதுக்குத்தான் கழட்டி வச்சிருக்கான். எத்தனை யோசனை பாருங்க."

"எழுதுங்க" என்றார் ஜெசிந்தா.

நாச்சிமுத்து உட்கார்ந்து ஒத்திகைத் தாளில் எழுதினார். எதிரியின் கழுத்துக் காப்பை வஞ்சகமாக அவிழ்த்துக் கட்டினார் என்று எழுதினார். எழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக வந்தது.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றார். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"வஞ்சகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்த மாதிரிதானுங்க."

"என்ன நிறத்துல இருந்துச்சு?"



ஜெசிந்தா சின்னக் கத்தியை எடுத்து அந்தச் சொல்லைச் சுரண்டினார். மை தூளாக உதிர்ந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு நாணல் பேனா சீவப் போய்விட்டார்.

நாச்சிமுத்து சுரண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா அந்த ஆளைக் காப்பாற்றுகிறார் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

*

தோன்றிவிட்டால் அதற்கு ஆதாரம் தானாக வந்து சேரும்.

அடுத்த நாள் காலை அர்த்தநாரி களத்தில் இருந்தபோது, பட்டயக் கூடாரத்தின் துணியை விலக்கிக்கொண்டு ஜெசிந்தா நின்று பார்த்தார். ஓலைநாயகம் வாள்சண்டை பார்த்து யாரும் கண்டதில்லை. சண்டை என்றால் தூசி, தூசி என்றால் தங்கத்துக்கு ஆகாது என்று கதவுத் துணியை இழுத்துக் கட்டுகிறவர் அவர்.

நாச்சிமுத்து நேராகப் போய்க் கேட்டார்.

"அவரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லைங்க."

"ஒரே ஊரா?"

"இல்லைங்க."

"பம்பு ஏதாச்சும் வாங்குனீங்களா?"

"எங்க வீட்டுல கார்ப்பரேஷன் தண்ணிங்க."

நாச்சிமுத்து அவர் கண்ணைப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத கண்கள் அவருக்குப் பிடிக்காது.

*

சித்திரையில் மறுபடி கூடினார்கள்.

தென்னை ஓலை அசையாத வெயில். களத்தில் மண் மாவு போலப் பறந்தது. கடைசிச் சண்டைக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அர்த்தநாரி. இன்னொருவர் வளர்மதி.

வளர்மதி பல் மருத்துவர். பெண்கள் களத்தில் இறங்கலாமா என்று பேச்சு வந்தபோது, பேசாமல் போய்க் கவசம் மாட்டிக்கொண்டு வந்தவர். கடைசிச் சண்டை வரை அவர் வந்தது அதுவே முதல் தடவை.

நாச்சிமுத்து கயிற்றை ஒட்டி நின்றார். எச்சில் விழுங்குவதைக்கூடத் தள்ளிப் போட்டார்.

இரண்டு வாளும் உரசின. அர்த்தநாரி சுழன்றார். வளர்மதியின் வாள் காற்றை வெட்டிக்கொண்டு போனது. தூசி எழுந்தது. அடுத்த கணம் அர்த்தநாரியின் வாள் வளர்மதியின் தோளுக்கு மேல் இருந்தது. இறக்கினால் முடிந்தது. கூட்டம் ஏற்கெனவே கத்த ஆரம்பித்திருந்தது.

அர்த்தநாரி வாளை இறக்கவில்லை.

"பட்டது" என்றார். உட்கார்ந்தார்.

கூட்டம் குழம்பியது. வளர்மதியே குழம்பினார்.

"எங்க பட்டுச்சு?" என்று கேட்டார்.

"பட்டதுங்க" என்றார் அர்த்தநாரி.

விதிப்படி வளர்மதி ஜெயித்தார். அரசர் மாலை போட்டார். மாலைக்குள் அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

நாச்சிமுத்து பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "படவே இல்லைங்க. நான் இங்கதான் நின்னேன். விட்டுக் குடுத்துட்டான். பொம்பளைகிட்டத் தோத்தா நல்ல பேரு வருமில்ல."

பக்கத்தில் இருந்தவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அது தோப்பு முழுக்கப் போய்விட்டது. வளர்மதி பாதி இலையில் எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் அர்த்தநாரி துண்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார். ஆளரவம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குளிக்கப் போகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. நாச்சிமுத்து பின்னாலேயே போனார். தேங்காய் மட்டைக் குவியலுக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றுகொண்டார்.

அர்த்தநாரி சட்டையைக் கழற்றினார்.

இடது விலாவில், அக்குளுக்குக் கீழே இருந்து இடுப்பு வரை, ஒரு சிவந்த கோடு. பிரம்பின் அகலம். நடுவில் லேசாக நீலம் பாரித்திருந்தது.

நாச்சிமுத்து கோட்டைப் பார்த்தார். கவசத்தின் இரண்டு பாதிகள் சேரும் இடம் அது. நேற்று வளர்மதியின் வாள் காற்றை வெட்டிக்கொண்டு போன பக்கம் அது.

வேறு சண்டையில் பட்டிருக்கலாம், என்று தனக்குள் சொன்னார்.

நேற்று அர்த்தநாரி ஆடிய மற்ற சண்டைகளையும் அவர் கண்கொட்டாமல் பார்த்திருந்தார். விலாவில் எதுவும் படவில்லை. அது அவருக்குத் தெரியும்.

"தண்ணி சில்லுன்னு இருக்குதுங்க" என்றார் அர்த்தநாரி, திரும்பாமலேயே. "வாங்க, நீங்களும் ஊத்திக்கங்க."

நாச்சிமுத்து திரும்பி நடந்தார். மட்டை காலில் இடறியது.

*

ஆடிக் காற்றில் அடுத்த கூட்டம்.

கூடாரத் துணிகள் படபடத்தன. ஜெசிந்தா மூலைக்கு மூலை கல் வைத்திருந்தார். நல்ல தாளை விரித்து, நான்கு ஓரமும் பித்தளைக் கட்டி வைத்துக் கொடுத்தார். கொடியும் கிளியும் ஏற்கெனவே வரைந்தாயிற்று. அவுரி நீலம், சாதிலிங்கச் சிவப்பு. முதல் எழுத்துக்கான இடத்தில் பிசின் மட்டும் பூசிக் காய்ந்திருந்தது.

"எழுதிருங்க" என்றார்.

நாச்சிமுத்து எழுதினார். நிறம் இல்லாத சொல் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார். கழுத்துக் காப்பின் வாரை எழுதினார். மணிக்கட்டை எழுதினார். கடைசிச் சண்டையை எழுதினார். சாயங்காலம் கட்டியக்காரர் இதை உரக்க வாசிப்பார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. கேட்கிறவர்களுக்கே விளங்கிவிடும். தங்கத்தில் எழுதிய குற்றப்பத்திரிகை. அவர் வேலை பார்த்த காலத்தில்கூட இப்படி ஒன்று அமைந்ததில்லை.

கடைசி வரியை முடித்து நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"அவ்வளவுதான்."

"வேற எதுவும் பாக்கலீங்களா?"

"இல்லைங்க."

ஜெசிந்தா தங்க ரேக்கைக் கையில் எடுத்தார். பிறகு திரும்பக் கீழே வைத்தார்.

"ஏன் அம்மணி?"

"முடிஞ்சிருந்தா பேனாவைத் துடைச்சிருப்பீங்களே."

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். நாணல் நுனியில் மை பளபளத்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்ததும் துடைப்பது அவர் கையோடு பிறந்த பழக்கம்.

"காத்து அடங்கட்டும், அப்புறம் தங்கம் வெச்சுக்கலாம்" என்றார் ஜெசிந்தா. அடுப்பில் பிசின் காய்ச்சுகிற வேலையில் இறங்கிவிட்டார்.

நாச்சிமுத்து வெளியே வந்தார். சந்தேகப்படுகிறாள், என்று நினைத்தார். என்னையே சந்தேகப்படுகிறாள். இத்தனை வருஷம் எத்தனை பேர் என் எதிரில் உட்கார்ந்து, வேறு எதுவும் இல்லை சார் என்று சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் எல்லாரும் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. சற்று முன் தானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆயுதக் கூடாரத்தின் முன்னால் வளர்மதி நின்றுகொண்டிருந்தார். கவசத்தை மடித்துக் கீழே வைத்திருந்தார். வாளை அங்கிருந்தவரிடம் நீட்டினார்.

"சரி பண்ணக் குடுக்கறீங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"இல்லைங்க. திருப்பிக் குடுக்கறேன்."

"ஏனுங்க?"

வளர்மதி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று அவருக்குத் தெரியாது.

"யாரோ இரக்கப்பட்டுக் குடுத்த மாலைங்க அது. நான் ஜெயிக்கலைன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் எப்படிங்க இறங்கறது. சாயங்காலம் அவை முடிஞ்சதும் கிளம்பறேன்."

வாளை வைத்துவிட்டுப் போனார். நடையில் ஒரு குறையும் இல்லை. முதுகு மட்டும் வயதான மாதிரி இருந்தது.

நாச்சிமுத்து காற்றில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கூடாரத்துக்குள் போனார். உட்கார்ந்தார். பேனாவை மையில் தொட்டார். இன்னும் ஒரு வரி எழுதினார்.

எழுதி முடித்துப் பேனாவைத் துடைத்தார்.

ஜெசிந்தா வந்து படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. ரேக்குத் தாளை எடுத்தார். ஆனால் தாளுக்கு அருகில் தான் உட்காராமல், பலகையை நாச்சிமுத்துவின் பக்கம் நகர்த்தினார்.

"பிசின் மேல ஊதுங்க."

"நானா?"

"மூச்சு பட்டாத்தான் பிசின் இளகும்."

"காத்து இன்னும் அடங்கலியே."

"துணியைப் பிடிச்சுக்கறேன்."

நாச்சிமுத்து குனிந்து மெல்ல ஊதினார். ஜெசிந்தா கொடுத்த ரேக்கை அதன்மேல் இறக்கினார். அது வெளிச்சம் போல இருந்தது, எடை இல்லை. ஓரத்தைப் பஞ்சால் ஒற்றினார். அர்த்தநாரியின் 'அ' எழுந்து நின்றது.

*

அவை கூடியது.

கட்டியக்காரர் பெயரைச் சொன்னதும் அர்த்தநாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். வேறு யாரையோ கூப்பிட்டிருப்பார்கள் என்பது போலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து அரசர் முன்னால் நின்றார்.

நாச்சிமுத்து பட்டயக் கூடாரத்து ஆட்களுக்கான இடத்தில் இருந்தார்.

கட்டியக்காரர் தாளை விரித்தார். எப்போதும் வருகிற சிகரத்தையும் விளக்கையும் தேடினார். காணாமல் ஒரு நொடி தயங்கிவிட்டு வாசித்தார்.

"அர்த்தநாரி. சண்டைக்கு முன் எதிரியின் கழுத்துக் காப்பின் வாரைத் தொட்டுப் பார்த்தார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்."



"திரும்பி வந்தபோது அவர் மணிக்கட்டில் காப்பு இல்லை. வெறுங்கையோடு சண்டையிட்டார்."

நடு வரிசையில் யாசின் தன் மடியில் இருந்த கழுத்துக் காப்பைக் கையில் எடுத்தார். அதன் வாரைத் திருப்பிப் பார்த்தார். காப்பு கறுப்புத் தோல். வார் பழுப்பு. கழுத்துக்கு வேண்டியதைவிடக் குட்டையான வார். மணிக்கட்டுக்கு அளவெடுத்தது.

"இது அவரோடதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். குரல் எல்லாருக்கும் கேட்டது. "என்னோடது அந்துபோற மாதிரி இருந்துச்சு, எனக்கே தெரியலியே. மாத்திக் கட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

வாரை நாச்சிமுத்து பார்த்திருந்தார். மணிக்கட்டைப் பார்த்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

"கடைசிச் சண்டையில் அவர் ஜெயித்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். பட்டது என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். அந்த அடியை வேறு யாரும் பார்க்கவில்லை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிலர் வளர்மதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுநாள் காலை அவர் விலாவில் ஒரு பிரம்பின் அகலத்துக்குச் சிவந்த கோடு இருந்தது."

கட்டியக்காரர் நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். வேறு எதுவும் இல்லை.

வளர்மதி எழுந்தார்.

உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு முன்னால் வந்தார். அர்த்தநாரியின் எதிரில் நின்றார்.

"பட்டுச்சா?"

"அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார் அர்த்தநாரி.

"ஏங்க காட்டல? ஊரே பேசுச்சு. சட்டையைத் தூக்கிக் காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"காட்டினா, சொன்னது போதாதுன்னு ஆயிருமுங்க."

"உங்களுக்குப் போதும். எனக்கு?"

அர்த்தநாரியின் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. நாச்சிமுத்து அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தது அதுவே முதல் தடவை. அது சாதாரணமான, களைத்த முகம்.

"உங்ககிட்ட மட்டுமாவது காட்டியிருக்கோணும்" என்றார். "தப்புத்தானுங்க."

வளர்மதி அவர் தோளை, சண்டையில் தொடுவது போல, இரண்டு விரலால் தட்டிவிட்டு ஆயுதக் கூடாரத்துப் பக்கம் நடந்தார். வாளோடு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

யாசின் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு தோப்பு முழுக்க எழுந்து நின்றது. யாரும் கை தட்டவில்லை. காற்று மட்டும் ஓலைகளில் இரைந்தது.

நாச்சிமுத்துவும் எழுந்தார்.

*

கூட்டம் கலைந்த பிறகு அர்த்தநாரி பட்டயக் கூடாரத்துக்கு வந்தார். தாளைச் சுருட்டாமல், ஈரத் துணியைப் பிடிப்பது போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

"எழுதுனது யாருங்க?"

"நான்தான்" என்றார் நாச்சிமுத்து. "விட்டுக் குடுத்துட்டீங்கன்னு முதல்ல பேசுனதும் நான்தான்."

அர்த்தநாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னை இவ்வளவு நேரம் யாரும் பாத்ததில்லைங்க" என்றார் அர்த்தநாரி. "எங்க வீட்டுலகூட."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து வளர்மதியைத் தேடிப் போனார். பேச்சைக் கிளப்பியது தான் என்பதை அவரிடமும் சொன்னார். வளர்மதி கவசத்தின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினார். நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதை உதறி மடித்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது ஜெசிந்தா வாசலில் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் தண்ணீர் நீலமாகி, பிறகு சிவப்பும் கலந்து கறுத்தது.

நாச்சிமுத்து பக்கத்தில் நின்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"எதுங்க?"

"அவரு நல்லவருன்னு. என்னைத் திருத்தோணும்னுதான் இந்த வேலையைக் குடுத்தீங்க."

"இல்லைங்கண்ணா" என்றார் ஜெசிந்தா. தூரிகையின் நுனியை விரலால் கூர்மையாக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் அவரு மேல சந்தேகம்தான்."

"அப்புறம் எதுக்கு என்கிட்டக் குடுத்தீங்க?"

"அவரைப் பாக்காமயே நம்பறவங்க நாலஞ்சு பேரு, நான் எழுதறேன் நான் எழுதறேன்னு வந்து கேட்டாங்க" என்றார் ஜெசிந்தா. "குடுக்கல."